குரோம் ஸ்ப்ரே: கிரில்லுக்குச் சரி, கைப்பிடிக்கு வேண்டாம்



நாமக்கல் லாரிகளின் பளபளப்பைப் பார்த்துவிட்டு, கார் கிரில்லுக்கு வீட்டிலேயே குரோம் ஸ்ப்ரே அடிக்கலாமா என்கிறீர்கள். தாராளமாக. ஆனால் டப்பாவில் இருப்பது குரோமியம் அல்ல, பெரும்பாலும் அலுமினியத் துகள். அடியில் கண்ணாடி போலக் கறுப்புப் பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் லேசாக அடித்தால்தான் மின்னும். மேலே சாதாரண கிளியர் கோட் அடித்தால் மங்கிவிடும். அடிக்காவிட்டால் கை பட்டே தேயும். அதனால்தான் கதவுக் கைப்பிடிக்கு வேண்டாம் என்கிறேன்.

அசல் முலாம் பூச அமிலம் வாங்கிப் பார்க்கும் எண்ணம் மட்டும் கூடவே கூடாது. குரோமிக் அமிலம் புற்றுநோய் தரும் விஷம், சாமிகளா.

ஸ்ப்ரேயையும் ஷெட்டுக்குள் அடிக்காதீர்கள். முகத்தில் கட்டும் துண்டு தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்பன் ஃபில்டர் மாஸ்க் வாங்குங்கள்.