தமிழ்க் கோப்பை எங்கே வைப்பது?



எங்கள் கணினி அறையில் உபுண்டு போட்ட கணினிகள் சிலவற்றில் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மூல விளையாட்டை ஏற்றினோம். பெயர் வேண்டாம். அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருப்பது தெரிந்துதான் தெரிவு செய்தோம். திறந்தால் முழுக்க ஆங்கிலம். "சேர், இது தமிழ்ல வராதா?" என்று தரம் நான்கு பிள்ளையொன்று கேட்டது.

தேடிப் பார்த்தோம். தமிழ்க் கோப்பு கணினிக்குள்ளேயே இருந்தது. வைத்த இடம்தான் பிழை.

லினக்ஸில் இதற்கென்று பொதுவான ஓர் இடம் உண்டு. யுஎஸ்ஆர், அதற்குள் ஷெயார், அதற்குள் லோக்கேல். அங்கே மொழிக்கொரு கோப்புறை, தமிழுக்கு 'டிஏ'. நாட்டையும் சேர்த்துப் பெயர் வைக்கலாம்: இந்தியத் தமிழ் 'டிஏ_ஐஎன்', இலங்கைத் தமிழ் 'டிஏ_எல்கே'. இலங்கைத் தமிழுக்கு அமைத்த கணினி முதலில் டிஏ_எல்கேயைப் பார்க்கும், இல்லாவிட்டால் டிஏ, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலம். டிஏ_ஐஎன் பக்கம் திரும்பவே திரும்பாது. அந்தப் பொதியைக் கட்டியவர் அங்கேதான் கோப்பைப் போட்டிருந்தார். பிழைச்செய்தியும் வராது. யாரோ பல இரவுகள் இருந்து மொழிபெயர்த்தது யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது.

எங்கள் கருத்து இதுதான்: தமிழ்க் கோப்பு நாட்டுப் பெயர் இல்லாமல் 'டிஏ'க்குள் இருக்க வேண்டும். "எங்கட தமிழ் வேற, அவங்கட தமிழ் வேற" என்று சிலர் சொல்வார்கள். வேறுதான். அதற்கும் வழியுண்டு. கெட்டெக்ஸ்ட் முறையில் இயங்கும் விளையாட்டென்றால், மாறுபடும் வரிகளை மட்டும் டிஏ_எல்கே கோப்பில் வைத்தால் போதும், மிச்சத்தை அது டிஏயிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

சில விளையாட்டுகள் மொழிபெயர்ப்பைப் படங்கள், ஒலிகளோடு தங்கள் சொந்தக் கோப்புறையிலேயே வைக்கின்றன. பென்டிரைவில் கொண்டுபோய் விளையாட அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் லினக்ஸுக்குப் பொதி கட்டும்போது பொது இடத்துக்கு மாற்றுவதே நல்லது. தேவையில்லாத மொழிகளை அழித்து வட்டில் இடம் மிச்சம் பிடிக்கும் கருவிகள் அங்கேதான் தேடும். பழைய கணினிகளோடு மாரடிக்கும் எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஒன்று கவனம்: கோப்பை மட்டும் நகர்த்தினால் போதாது. விளையாட்டு எங்கே தேட வேண்டும் என்பதையும் தொகுக்கும்போதே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ஆங்கிலம்தான்.

இப்போதைக்கு லாங்குவேஜ் என்ற சூழல் மாறியில் டிஏ_எல்கே, டிஏ_ஐஎன், டிஏ என்று முக்காற்புள்ளியிட்டு வரிசையாகக் கொடுத்துச் சமாளித்திருக்கிறோம். தமிழ் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டில் விளையாடும் பிள்ளைக்கு இதை யார் செய்து கொடுப்பது?

ஊரில் மென்பொருள் படிக்கும் தம்பி தங்கைமாரே, இப்படியொரு பொதியைக் கண்டால் பராமரிப்பவருக்கு ஒரு வழு அறிக்கை போடுங்கள். இரண்டு வரி போதும். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமென்றால் இன்பொக்ஸில் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.