பில்டரைக் கழற்றி வீசாதீர்கள், பிள்ளைகளே



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். போர் வண்டி வைத்திருப்பவர்கள், அதில் வேலை பார்ப்பவர்கள், நிலத்தில் போர் போடப் போகிறவர்கள் என்று நம் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் "டீச்சர்" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால், ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் வேண்டாம். அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டி வந்திருக்கிறான். ஸ்கேன் மதியத்துக்கு மேல்தான் என்று சொல்லிவிட்டார்களாம். அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, கோரிமேடு வரை வந்துவிட்டு டீச்சரைப் பார்க்காமல் போவதா என்று வந்திருக்கிறான். "உக்காருப்பா, காபி போடறேன்" என்றேன். உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

பத்து வருடமாகப் போர் வண்டியில் ஆபரேட்டர். கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் பாதி நாள் வெளியூர். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஊரில் 420 அடி ஓடிக்கொண்டிருந்தபோது ராடைச் சுற்றும் மோட்டார் நின்றுவிட்டது. ராடும் ஹேமரும் குழிக்குள். இன்னொரு வண்டி வந்து இழுத்துத்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள். மோட்டார் போனது, இரண்டு நாள் வேலையும் போனது. ஓனர் சொன்னது இதுதான்: "நீ அழுத்தி ஓட்டின. ஹெல்ப்பர் ஆயிலை அழுக்கோட ஊத்தினான். ரெண்டு பேர் சம்பளத்திலயும் பிடிப்பேன்."

அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய நேரத்தில் இவனுக்குப் பாதிச் சம்பளம். ஹெல்ப்பராக இருந்த ஜார்க்கண்ட் பையன் கையில் ஒன்றும் இல்லாமல் ரயில் ஏறிவிட்டானாம்.

"மெக்கானிக் பிரிச்சுப் பார்த்தார் டீச்சர். மோட்டார் உள்ள மணலும் இரும்புத் தூளும். பில்டர் இருக்கிற டப்பாவைத் திறந்தா, உள்ள பில்டரே இல்ல. அடிக்கடி சிவப்பு லைட் எரியுதுன்னு முன்னாடி இருந்த ஆபரேட்டர்கிட்ட போன்லயே சொல்லிக் கழட்டச் சொல்லியிருக்காங்க. அப்புறம் யாரும் மாட்டல. எனக்கு அது தெரியவே தெரியாது. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள், இன்ஜினியர் இல்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாதவள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் இன்னொரு மாணவனிடம் கேட்டேன். எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்த நம் உறவுக்காரத் தம்பியிடம் போனில் ஒரு மணி நேரம் கேட்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் புதுச்சேரியில் கீழே மணலும் களிமண்ணும் மணற்பாறையும். இங்கே பெரும்பாலும் சேற்றுத் தண்ணீரை உள்ளே விட்டுச் சுற்றித் தோண்டுவார்கள். செஞ்சி, திருவண்ணாமலை பக்கம் போனால் கருங்கல். அங்கே வருவதுதான் திருச்செங்கோட்டு வண்டி. லாரி மேல் ரிக், பக்கத்தில் கம்ப்ரசர். கம்ப்ரசர் தரும் காற்று ராடு வழியாக இறங்கிக் குழியின் அடியில் இருக்கும் ஹேமரை அடிக்க வைக்கிறது. பைக் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஹேமருக்குள் ஒரு பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் பிட்டைக் குத்துகிறது. மேலே ராடைச் சுற்றுவதும் ஏற்றி இறக்குவதும் எண்ணெய் அழுத்தத்தால் நடக்கிறது. ஆக, ஒரு பக்கம் காற்று, இன்னொரு பக்கம் எண்ணெய். போர் வண்டி என்பது இந்த இரண்டின் பலம்தான்.

பலம் தருவதே அழுக்கானால் என்ன ஆகும்? அதுதான் விஷயம்.

எண்ணெய் மோட்டாருக்குள் உரசி ஓடும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒன்று, ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் கீழே போனால் வெறும் கண்ணுக்குத் தூசி தெரியாது. அதாவது மோட்டாரைக் கெடுக்கும் தூசி கண்ணில் படவே படாது. கேனில் இருக்கும் எண்ணெய் தேன் மாதிரி பளபளக்கும், உள்ளே அரம் போல அராவும் தூள் இருக்கும். அந்தத் தூள் இரும்பைச் சுரண்டும். சுரண்டிய இரும்பும் தூளாகிச் சேர்ந்துகொண்டு மேலும் சுரண்டும். ஒரு கெட்ட பழக்கம் பத்துக் கெட்ட பழக்கத்தைக் கூட்டி வரும் என்று வகுப்பில் சொல்வேனே, அதே கதை.

"தொட்டியில பில்டர் இருக்கு, போதாதா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் குழாய் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிப்போம். அந்தத் தண்ணீரைத் திறந்த குடத்தில் வைத்தால் துணி கட்டியதற்கு என்ன பலன்? வாசலில் வடிகட்டுவது முதல் காவல். வாய்க்குப் பக்கத்தில் வடிகட்டுவது கடைசிக் காவல். இரண்டும் வேண்டும். தொட்டியிலிருந்து மோட்டார் வரை உள்ள வழியில் பம்ப் தேய்ந்து தூள் விடும், ஹோஸ் உள்ளே உரியும், ரிப்பேர் பார்த்தவர் கழற்றி மாட்டும்போது மண் போகும். போதாததற்கு, தொட்டிப் பக்கம் இருக்கும் பில்டர்களில் பொதுவாக பைபாஸ் வால்வு என்று ஒன்று உண்டு. பில்டர் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயை அப்படியே விட்டுவிடும். சிவப்பு லைட் எரிவது அதைச் சொல்லத்தான். அதனால் கருவிக்குப் பக்கத்திலேயே, கருவியோடு சேர்ந்தே, சின்னதாகவாவது ஒரு வடிகட்டி இருக்க வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. ஹேமரையே பாருங்கள். ராடு மாட்டக் காற்றை நிறுத்தும்போது, குழியில் இருக்கும் கல்தூள் கலந்த தண்ணீர் ஹேமருக்குள் ஏறப் பார்க்கும். ஏறவிடாமல் தடுக்க உள்ளேயே ஒரு சின்ன வால்வு வைத்துத்தான் செய்கிறார்கள். ஊற்று ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கும்போது மேலே நிற்கும் யாராலும் ஹேமரைக் காப்பாற்ற முடியாது. தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

நம் காரைக்காலில் ஓ.என்.ஜி.சி. அலுவலகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையில் 'மட் மோட்டார்' என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். மேலிருந்து பம்ப் செய்யும் சேற்றுத் திரவமே பூமிக்கு அடியில் அந்த மோட்டாரைச் சுற்றி பிட்டைத் திருப்பும். ரெனே முவானோ என்ற பிரெஞ்சு இன்ஜினியர் 1930 வாக்கில் உருவாக்கிய பம்பின் தத்துவத்தைத் திருப்பிப் போட்டதுதான் இது. முறுக்கிய இரும்புத் தண்டு ஒன்று, அதைச் சுற்றி ரப்பர் பூசிய கூடு. திரவத்தில் ஒரு துருச் சில்லு, ஒரு கந்தல் துணி வந்தாலும் ரப்பர் கிழியும், வழி அடைக்கும். மேலே பெரிய பெரிய அதிர்வுச் சல்லடைகள் போட்டுத்தான் சேற்றைச் சலிக்கிறார்கள். அப்படியும் குழாய்க்குள் தனியாக ஒரு சல்லடையை வைக்கிறார்கள் என்று நம் தம்பி சொன்னான். "அக்கா, சலிச்சதுக்கு அப்புறம் சேர்ற குப்பைதான் ஆளைக் கவுக்கும்" என்றான். எனக்கு அந்தச் சொல் மனதில் நின்றுவிட்டது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கோரிமேட்டிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் பல்லைக் குடையும் அந்தச் சின்ன டிரில்லும் காற்றில் ஓடுவதுதான், நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று. கம்ப்ரசரிலேயே பில்டர் இருந்தாலும், நாற்காலிப் பக்கத்தில் இன்னொரு பில்டர் வைத்திருப்பார்கள். குழாயில் சேரும் ஈரமும் துருவும் டிரில்லுக்குப் போகக் கூடாது என்பதற்காக. அங்கே யாராவது "அடிக்கடி அடைக்குது" என்று அதைக் கழற்றிப் போட்டால் நாம் வாயைத் திறப்போமா?

ஓனர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அடிக் கணக்கில் கூலி. டீசல் விலை, வண்டிக் கடன், வட்டி. நடுக்குழியில் பில்டர் அடைத்து வண்டி நின்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான். ராடு மாட்டிக்கொண்டால் ஹேமரே போகும். "பில்டரே தொல்லை" என்று ஒரு ஓனர் சொன்னால் அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பில்டர் ஏன் அடைக்கிறது? அழுக்கு இருப்பதால் அடைக்கிறது. பில்டரைக் கழற்றினால் அடைப்புதான் போகும், அழுக்கு போகாது. அது மோட்டாருக்குப் போகும். நூற்றுக்கணக்கில் செலவாகும் இடத்தைத் தப்பித்து, லட்சத்தில் செலவாகும் இடத்துக்குப் போகிறோம்.

எனக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பில்டர் ஒரு சாட்சி. அதில் தங்கியிருப்பது மணலா, இரும்பா, பித்தளையா, ரப்பரா என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். மணல் என்றால் வெளியிலிருந்து வந்தது. பித்தளைத் தூள் என்றால் பம்போ மோட்டாரோ உள்ளே தேய்கிறது. ரப்பர் என்றால் ஹோஸ் அல்லது சீல். பில்டரைக் கழற்றிவிட்டால் சாட்சி இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் பழி யார் தலையில் விழும்? வாய் பேச முடியாதவன் தலையில். மொழி தெரியாமல் ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு நின்றானே, அந்த ஜார்க்கண்ட் பையன் தலையில்.

அவன் ஊற்றிய எண்ணெயில் தூசி இருந்திருக்கலாம். இல்லை என்று நான் சொல்லவில்லை. புது பேரலில் வரும் எண்ணெய்கூட அந்த மோட்டாருக்குப் போதுமான சுத்தம் என்று சொல்ல முடியாதாம். ஆனால் ஒருவன் கை தவறினாலும் வண்டி தாங்க வேண்டும், அதற்குத்தானே பில்டர்? தாங்க வேண்டியதைக் கழற்றி வைத்துவிட்டு, கை தவறியவனை மட்டும் தண்டிப்பது என்ன நியாயம்?

ஆகவே என் மாணவர்களுக்கும் உறவுகளுக்கும் சில வேண்டுகோள்கள்.

1. சிவப்பு லைட் எரிந்தால் பில்டரை மாற்றுங்கள். அடிக்கடி எரிந்தால் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். டப்பாவைக் காலியாக மட்டும் வைக்காதீர்கள்.

2. தொட்டியில் இருப்பதோடு நிறுத்தாமல், மோட்டாருக்குப் போகும் பிரஷர் லைனிலும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் பில்டர் ஒன்று போடுங்கள். ராடைச் சுற்றும் மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றும். தப்பான இடத்தில் பில்டரை வைத்தால், எதிர்ப்பக்கம் சுற்றும்போது பிடித்த அழுக்கெல்லாம் திரும்ப ஓடிவிடும். திசை மாற்றும் வால்வுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்கிறான் தட்டாஞ்சாவடிக்காரன். விவரம் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

3. மோட்டார் உடைந்து புதிது மாட்டும்போது, லைனையும் தொட்டியையும் கழுவாமல் மாட்டாதீர்கள். பழைய மோட்டாரின் தூள் புது மோட்டாருக்காகக் காத்திருக்கும்.

4. கம்ப்ரசரின் காற்று பில்டரை டயரில் தட்டித் தட்டி மாட்டுவதை நிறுத்துங்கள். தாள் கிழிந்தால் பில்டர் இருந்தும் இல்லாத மாதிரி. ராடு வாயை மூடி வையுங்கள். ஹேமர் மாட்டும் முன் ராடுக்குள் காற்றடித்து மண்ணைத் தள்ளிவிடுங்கள்.

5. பில்டர் மாற்றிய தேதியையும் வண்டி ஓடிய மணியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆபரேட்டர் மாறினால் அந்த நோட்டும் கை மாற வேண்டும். என் மாணவனிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இனி என் குறையையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் 'வடிகட்டுதல்' பாடம் நடத்தினேன். கலங்கல் தண்ணீர், வடிதாள், புனல். கீழே இறங்கும் தெளிந்த தண்ணீரைக் காட்டி "இதுதான் வடிநீர்" என்பேன். நீங்கள் எல்லோரும் கைதட்டுவீர்கள். தாளில் தங்கிய கசடைக் காட்டி "இது எங்கிருந்து வந்தது?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தாளைக் கசக்கிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். இப்போது வகுப்பு எடுக்கும் என் மாணவ ஆசிரியர்களே, நீங்கள் அந்தத் தாளை விரித்துக் காட்டுங்கள்.

அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மெக்கானிக் எடுத்த போட்டோ அவன் போனில் இருந்தது, காலி பில்டர் டப்பா. அதை ஓனருக்கு அனுப்பி மரியாதையாகப் பேசச் சொன்னேன். இவனிடம் இனிப் பிடிப்பதில்லை என்று சொல்லிவிட்டாராம். புது பில்டரும் மாட்டியாயிற்று. அம்மாவுக்கு மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜார்க்கண்ட் பையனின் பணம் இன்னும் போகவில்லை. "அவன் நம்பர் இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறதாம். "அப்ப அதையும் பேசி முடிச்சிட்டு எனக்குச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதும் இங்கே எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கோரிமேடு.