காய்ச்சலும் பாய்ச்சலும்

போன மாதம் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். இலையில் பொன்னி அரிசிச் சாதம் ஆவி பறந்து கொண்டிருந்தது. எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர் நிறையப் படித்தவர். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாதத்தில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “உலகம் சூடாவதற்கு இந்த நெல் வயல்தான் ஐயா காரணம். நம் விவசாயிக்குப் பொறுப்பே கிடையாது. தண்ணீரைக் கட்டிக் கட்டி வைத்து விஷவாயுவைக் கிளப்பி விடுகிறான்” என்றார்.

சொல்லிவிட்டு இரண்டாவது முறையும் சாதம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் ஏதோ மறுத்துச் சொன்னேன். “கதை எழுதுகிறவருக்கு இந்த விஞ்ஞானமெல்லாம் எதற்கு?” என்று அவர் சிரித்தார். நியாயமான கேள்விதான். என் படிப்பு இன்டர்மீடியட்டோடு நின்றுபோனது. ஆனால் அவர் குற்றம் சாட்டிய அந்த விவசாயி என் தாய்மாமன். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அவர் சொன்ன விஞ்ஞானம் பொய் அல்ல. வயலில் தண்ணீர் இடைவிடாமல் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மக்கும் வைக்கோலையும் வேரையும் தின்று மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவின் பெரும்பகுதி, நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகளின் வழியாகவே, குழாயில் ஏறுவது போல் ஏறி வெளியே வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட இது சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. மனிதன் காரணமாக உலகில் எழும் மீத்தேனில் 8 முதல் 10 சதவீதம் நெல் வயலிலிருந்து வருகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் பக்கத்து மனிதர்களிலேயே சிலர், “இதெல்லாம் வெள்ளைக்காரன் சூழ்ச்சி, நம் பாட்டன் செய்த விவசாயத்தில் குற்றம் ஏது?” என்கிறார்கள். டெல்டாவில் மீத்தேன் என்ற சொல்லுக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. மன்னார்குடிப் பகுதியில் நிலத்தடி மீத்தேனை எடுப்பதற்கு 2010-இல் ஒப்பந்தம் போட்டபோது ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். நம்மாழ்வார் அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதுதான், 2013 டிசம்பரில், பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2020-இல் சட்டசபையே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. பூமிக்கு அடியிலிருந்து மீத்தேனை எடுக்கக் கூடாது என்று போராடியவர்களிடம் போய், “உங்கள் வயலே மீத்தேன் விடுகிறது” என்றால் அவர்களுக்குக் கோபம் வருமா, வராதா?

கோபம் வரலாம். ஆனால் கோபம் வந்துவிட்டதால் உண்மை மாறிவிடாது. பாட்டன் காலத்து வழக்கம் என்பதற்காக ஒரு காரியம் சுத்தமாகி விடாது. பச்சைத் தழையைச் சேற்றில் மிதித்து உடனே தண்ணீர் கட்டினால் மீத்தேன் கூடத்தான் செய்யும். அதையே நன்றாக மக்க வைத்து எருவாக இட்டால் குறையும். இயற்கை விவசாயம் பேசுகிறவர்களும் இந்தக் கணக்கைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பருவம் தவறிப் பெய்யும் மழையில் முதலில் மூழ்குவது நம் வயல்தான். நோய் நம்மையே தின்னும்போது, வைத்தியன் அயலூர்க்காரன் என்று மருந்தைத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

மருந்துதான் என்ன? பிலிப்பைன்ஸில் லாஸ் பாஞோஸ் என்ற ஊரில் 1960-இல் ஏற்படுத்திய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பி வரும் முறை அது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதிக்க வேண்டும். கட்டிய தண்ணீர் வற்றி, குழாய்க்குள் மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்ச வேண்டும். நட்ட ஆரம்ப நாட்களிலும் பூக்கும் சமயத்திலும் மட்டும் தண்ணீர் நிற்கலாம். இவ்வளவுதான். மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகிறது. தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சம். ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் குறைவதில்லை. காயும் மண்ணில் தழைச்சத்து அதிகம் இருந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வேறொரு பொல்லாத வாயு எழும். ஆகையால் யூரியாவையும் அளந்து போட வேண்டும். அதற்கு இலையின் பச்சையைப் பார்த்து உரம் இடுகிற வண்ண அட்டை இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த முறைக்கு நம் ஊரில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். ஜப்பானிலும் பயிரின் நடுப்பருவத்தில் வயலைக் காயப் போடுவது பழைய வழக்கம். ஆக, சூழ்ச்சி என்று கூச்சலிடுகிறவர்கள் தங்கள் வீட்டுச் சொத்தையே திருட்டுப் பொருள் என்கிறார்கள். விவசாயிக்குப் பொறுப்பில்லை என்கிறவர்களோ, அவன் வாயிலிருந்து வந்த சொல்லையே அவனுக்குப் புதிதாகக் கற்பிக்கப் புறப்பட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் செய்யவில்லை? இங்கேதான் என் மாமா வருகிறார்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவருக்கு ஏழு மா நிலம். கடைமடை. நிலத்தடி நீர் உப்பு; போர் போட்டுப் பிரயோஜனமில்லை. 2023 குறுவையில் ஓர் அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் வந்து குழாயை இனாமாகப் பதித்துக் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், படம் போட்டு விளக்கினார்கள். மாமா நம்பினார். தண்ணீரைக் காய விட்டார். குழாயில் மட்டம் இறங்கியது. மண்வெட்டியோடு மடையைத் திறக்கப் போனார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அந்த ஆண்டு மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதியே திறந்து விட்டார்கள். ஆனால் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய நீர் வரவில்லை. முறை வைத்து விட்ட தண்ணீர் தலைமடையோடு நின்றுவிட்டது. பத்து நாளில் வர வேண்டிய முறை பத்தொன்பது நாளாகியும் வரவில்லை. வயல் பாளம் பாளமாக வெடித்தது. குழாய் மட்டும் நேராக நின்றது.

நான் ஊருக்குப் போனபோது மாமா அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

“வாடா மாப்பிள்ளை. தண்ணியை வடியவிட்டா வயல் மூச்சு விடும்னு சொன்னாங்க. விட்டுது. எனக்குத்தான் மூச்சு விட முடியலை” என்றார்.

“குழாயைப் பிடுங்கிப் போட்டுடலாமா மாமா?” என்று கேட்டேன்.

“குழாய் என்னடா பண்ணும்? அது மேல என்ன தப்பு? அடுத்த தண்ணி எப்ப வரும்னு சொல்லச் சொல்லு. தேதி சொன்னா நானே காயப் போடுறேன். தேதி தெரியாதவன் கையில இருக்கிற தண்ணியை விடுவானா?”

இந்த ஒரு கேள்விக்கு அந்த இளைஞர்களின் படங்களில் விடை இல்லை. மேட்டூர் அணையை 2012-லிருந்து 2019 வரை ஓர் ஆண்டாவது குறித்த ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. இப்படிப்பட்ட ஆற்றை நம்பி வாழ்கிறவன் தண்ணீரைக் கட்டி வைப்பது அறியாமையால் அல்ல, அச்சத்தால். வயலில் நிற்கும் நீர்தான் அவனுடைய பாங்குக் கணக்கு. அந்தக் கணக்கைக் காலி செய் என்கிறவர், அடுத்த வரவுக்கு உத்தரவாதம் தர வேண்டாமா?

சம்பாவில் கதை தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலே குளமாகிவிடும். வடிகால் தூர்ந்து கிடக்கும். காயப் போட ஆசைப்பட்டாலும் வடிய வழியில்லை. போர் வைத்திருப்பவருக்கோ வேறொரு கதை. 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். தண்ணீரைச் சிக்கனம் செய்தால் அவருக்கு ஒரு காசு மிச்சமில்லை. யூரியா மூட்டை 45 கிலோ, மானியத்தில் 300 ரூபாய்க்குள் கிடைக்கும்போது, அட்டையைப் பார்த்து அளந்து போடு என்றால் யார் கேட்பார்கள்? இலவசத்தையும் மானியத்தையும் பிடுங்கு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் முதலில் விழுகிறவன் சிறு விவசாயிதான். சிக்கனம் செய்கிறவனுக்கு ஏதாவது கொடு என்கிறேன். அதை எந்த சர்க்காரும் இதுவரை ஒழுங்காக யோசித்ததாகத் தெரியவில்லை.

கொடுக்கத்தான் கார்பன் வியாபாரம் வந்திருக்கிறதே என்பார்கள். மீத்தேனைக் குறைத்ததற்குச் சீட்டு. சீட்டை விற்றால் பணம். சீனாவில் அப்படிப் பதிவான 37 நெல் திட்டங்களை, விதிப்படி நடக்கவில்லையென்று சான்று கொடுக்கும் அமைப்பே 2024-இல் தள்ளுபடி செய்தது. அளப்பவன், விற்பவன், வாங்குபவன் எல்லாரும் பட்டணத்தில் இருக்க, சேற்றில் நிற்பவன் பெயர் மட்டும் தாளில் இருக்கிற வியாபாரம் நெடுநாள் நடக்காது.

ஆகவே, ஆராய்ச்சி வேண்டாம் என்பது என் கட்சியல்ல. இன்னும் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது மதகு வரைக்கும் வர வேண்டும். ஆடுதுறையில் 1922-இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே பிறந்த ரகங்களை மாமா பெயர் பெயராகச் சொல்வார். அந்த நிலையம் ஊராருக்குச் சொந்தமானது போல் இருந்ததால்தான் விதை ஊருக்குள் வந்தது. இந்தப் புது முறையையும் சொந்த போர் உள்ள தலைமடை வயலில் சோதித்துப் பார்த்து வெற்றி என்று எழுதாமல், கடைமடை உப்பு நிலத்தில் சோதிக்கட்டும். நீர்வளத் துறையையும் உடன் வைத்துக்கொண்டு, வாய்க்கால் வாய்க்காலாக முறைத் தேதியை முன்னதாக அறிவிக்கட்டும். வடிகாலைத் தூர் வாரட்டும். சொன்னபடி செய்து பயிர் போனால் நஷ்டத்தை ஏற்கட்டும். பிறகும் விவசாயி தண்ணீரைக் கட்டி வைத்தால், அவனுக்குப் பொறுப்பில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். நானும் கூட நின்று சொல்கிறேன்.

விருந்தில் சந்தித்த பெரியவரிடம் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக இருக்கிற நிலம் முக்கால் ஹெக்டேர். அதிலிருந்து எழும் வாயுவுக்கு அவன் கணக்குச் சொல்லட்டும். ஆனால் உங்கள் வீட்டில் மூன்று அறைக்கும் குளிர்சாதனம் இருக்கிறது. வாசலில் இரண்டு கார் நிற்கிறது. மீத்தேன் ஏறக்குறைய 12 ஆண்டில் காற்றிலிருந்து மறைந்து விடும். காரும் மின்சாரமும் விடும் கரியமில வாயுவில் ஒரு பங்கு, நீங்களும் நானும் போய், நம் பேரன்மார் போன பிறகும் இருக்கும். அந்தக் கணக்கை யார் சொல்வது?

மாமா அந்தக் குழாயை இன்னும் பிடுங்கவில்லை. வரப்போரமாக அப்படியே இருக்கிறது. தேதிதான் இன்னும் வரவில்லை.