கமெண்ட்டை எண்ணி மார்க் போடாதீங்க!

பி.காம் பசங்களுக்கு சி மொழி எதுக்குன்னு கேக்காதீங்க, எங்களுக்கும் ஒரு பேப்பர் இருக்கு. லேபில் கமெண்ட் இல்லேன்னா மார்க் கட். விளைவு? 'ஐ பிளஸ் பிளஸ்' பக்கத்தில் 'ஐ-யுடன் ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று எழுதி வைக்கிறோம். அதான் கண்ணுக்கே தெரியுதே! பழக்கத்துக்காம். கெட்ட பழக்கத்துக்கா?

நகரத்தார் பேரேடும் ஐந்தொகையும் எழுதின ஊர் நம்ம காரைக்குடி. குறிப்பேட்டில் பற்று, வரவு போட்டுட்டு கீழே விளக்கக் குறிப்பு எழுதுறோமே, தொகையைத் திருப்பிச் சொல்லவா? இல்லை, அந்தப் பதிவு ஏன் வந்ததுன்னு சொல்ல. கமெண்ட்டும் அதே சாதிதான்.

பில் போடுற புரோகிராம் ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-ல் நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆச்சு. கோடில் 5 என்று மாத்தியாச்சு. பக்கத்துக் கமெண்ட் இன்னும் 12 என்கிறது. கம்பைலர் கண்டுக்காது. /* முதல் */ வரை உள்ளதெல்லாம் அதுக்கு வெறும் ஒரு ஸ்பேஸ். ஏமாறப் போறது அடுத்து படிக்கிற மனுஷன்.

எத்தனை கமெண்ட்டுன்னு எண்ணாதீங்க. 'ஏன் 5, எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரே வரி எழுதினவனுக்கு முழு மார்க் கொடுங்க. மத்ததெல்லாம் ரெக்கார்ட் நோட்டுக்கு மை செலவு, அவ்வளவுதான்.