நந்தவனத்தின் ஓரச் செடிகள்

பள்ளிகொண்டாவில் உத்திர ரங்கநாதர், விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீஸ்வரர். அணைக்கட்டு வட்டாரத்தாருக்கு நன்கு அறிமுகமான இவ்விரு திருத்தலங்களும் பாலாற்றங்கரையில் அமைந்தவை. பெருமாளுக்குத் துளசி, ஈசனுக்கு வில்வம் எனப் பச்சிலை வேறுபடினும், ஆற்றோர ஊர்களில் நந்தவனம் பேணுவோரின் கவலை ஒன்றே. அது தண்ணீரின் உப்பு.

ஆற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. தோல் கெடாதிருக்க இட்ட உப்பும், பதனிடப் பயன்படுத்திய குரோமியமும் பல்லாண்டுகள் கழிவுநீரோடு மண்ணில் இறங்கின. இதுபற்றிய வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. எல்லாக் கிணறும் கெட்டுவிடவில்லை. கிணற்றுக்குக் கிணறு நீர் வேறுபடும். எனவே செடி வாங்குமுன் நீரையும் மண்ணையும் சோதித்தறிவதே முறை. விரிஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் ஆலோசனைக்கு அலைய வேண்டியதில்லை.

உவர்ப்பான இடத்தில் ரோஜாவை நட்டு வாடவிடுவதைவிட, பாத்தியின் ஓரத்தில் நித்தியகல்யாணியை வைப்பது மேல். சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு இதனை ஒதுக்குவோர் உளர். பாவம், பராமரிப்பாரற்ற இடத்திலும் பூத்ததே அது செய்த குற்றம்! மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் என்னும் மருந்து எடுக்கப்படுகிறது. ஆயினும் செடி நச்சுத்தன்மை உடையது, கைவைத்தியம் கூடாது. ஆடும் இதனை எளிதில் மேயாது என்பது வேலியில்லாத நந்தவனத்திற்கு ஆதாயம்.

விதையை மெல்லிய மண்ணால் மூட வேண்டும். இருளில்தான் அது நன்கு முளைக்கும். நாற்றை ஓரடி இடைவெளியில் நட்டு, நுனியை அவ்வப்போது கிள்ளினால் செடி உயராமல் படர்ந்து, ஆண்டு முழுவதும் பூக்கும். வறட்சியைத் தாங்கும் இச்செடி தேங்கும் நீரைத் தாங்காது, வேர் அழுகிவிடும். உவர்நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விடுவதும், சருகால் மூடாக்கு இடுவதும் நலம்.

பிள்ளையாருக்குரிய அருகம்புல்லும் உப்பைத் தாங்கும். ஆனால் இடம் கொடுத்தால் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். செங்கல்லை ஆழப் பதித்துத் தடுக்க வேண்டும். மண் அரிக்கும் சரிவில் வெட்டிவேர் சிறந்தது. அதன் வேர் ஆழ இறங்கி மண்ணைப் பிடிப்பதோடு, மண்ணிலுள்ள உலோகங்களையும் ஈர்த்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. கழிவு படிந்த மண்ணில் வளர்ந்த வெட்டிவேரைக் குடிநீர்ப் பானையில் இடலாகாது. அம்மண்ணின் அருகம்புல்லைச் சாறாக்கிப் பருகலாகாது. சாத்துவதற்கான மலர் வேறு, உட்கொள்ளும் பிரசாதம் வேறு. குழந்தைகள் கையிலும் தீர்த்தத்தோடு சேரும் துளசியை அந்த ஓரத்தில் வளர்ப்பது தகாது. அதற்கு உப்பு மிகுந்தால் இலையோரமும் கருகும். தூய்மையான மண் நிரப்பிய மாடத்திலோ பெரிய தொட்டியிலோ துளசியைத் தனியே வைத்து, கோயில் கூரையில் விழும் மழைநீரைச் சேமித்து அதற்கு வார்க்கலாம். தொட்டியின் அடித்துளை அடையாதபடி ஓட்டுச்சில் ஒன்று போதும்.