வில்லாவா, பிளாட்டா?

 

நம் கடற்கரை ஊர்களில் பெண் பேச வருவோர் கேட்கும் கேள்விகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்துள்ளது. "மாப்பிள்ளை துபாயில் பிளாட்டில் இருக்கிறாரா, வில்லாவில் இருக்கிறாரா?" என்பதே அது. வில்லா என்று விடை வந்தால் கேட்டவர் முகம் மலர்கின்றது. பிளாட் என்றால் ஒரு சிறிய 'ஓ' மட்டும் வெளிப்படுகின்றது. உண்மையில் வளைகுடாவில் வில்லா என்பது மாளிகையைக் குறிக்கும் சொல் அன்று. சுற்றுச்சுவரும் தனி வாயிலும் கொண்ட வீடு எதுவாயினும் அங்கே வில்லாதான். ராஷிதிய்யாவில் தரைத்தளம் மட்டுமே உள்ள பழைய சிறு வீடும் வில்லா. நீச்சல் குளத்தோடு கூடிய பெரிய இல்லமும் வில்லா. அவ்வாறே தேராவின் பழைய கட்டடத்தில் உள்ள ஓரறைக் குடியிருப்பும் பிளாட். புர்ஜ் கலீஃபாவில் உள்ள குடியிருப்பும் பிளாட். எனவே பெயரைக் கேட்டு மகிழ்வதிலும் வருந்துவதிலும் பொருளில்லை.

இதனை இங்கே எழுதக் காரணம், துபாய் குசைஸ் பகுதியில் குடியிருக்கும் சகோதரி ஒருவரின் கடிதம். அவருடைய கணவருக்குப் பதவி உயர்வு கிடைத்துள்ளது, வீட்டுப்படியும் கூடியுள்ளது. உடன் பணிபுரிவோர் பலரும் மிர்திஃப் பக்கம் வில்லா எடுத்து விட்டார்களாம். நாமும் எடுக்க வேண்டும் என்று நிற்கிறாராம். சகோதரிக்கு மனமில்லை. 'நன்றி கெட்டவள் என்று அவர் நினைத்து விடுவாரோ' என்ற அச்சமும் இருக்கின்றது. கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "காலை ஏழு மணிக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவார். வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் அவர். வீட்டில் இருப்பவள் நான்."

வில்லாவா பிளாட்டா என்று மண்டையை உடைத்துக் கொள்ளும் குடும்பங்கள் யாவும் முதலில் இந்த வரியைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அக்குடும்பத் தலைவர் விழித்திருக்கும் நிலையில் வீட்டில் கழிப்பது நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரமே. மனைவியோ ஏறக்குறைய நாள் முழுதும் அங்கேயே இருக்கிறார். பள்ளிக்கூடம் சேராத சிறு குழந்தை இருந்தால் அதுவும் உடன் இருக்கும். விடுமுறைக்கு உம்மாவோ மாமியோ வந்து தங்கினால் அவர்களும் அவ்வாறே. யார் மிகுதியாக வாழ்கின்றாரோ அவருக்குப் பொருந்துவதே வீடு. வாடகை கொடுப்பவருக்குப் பொருந்துவது என்பது அதற்கு அடுத்த நிலைதான்.

நம் பெண்கள் எத்தகைய ஊர்களிலிருந்து அங்கே செல்கின்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பின்னும் பெண் தாய் வீட்டிலேயே வாழ்வதும், வீடு பெண்மக்களுக்கே செல்வதும் நெடுங்கால வழக்கம். காயல்பட்டினத்தில் பெண்கள் சென்று வருவதற்கென்றே வீடுகளுக்கிடையே குறுகிய சந்துகள் உண்டு. முடுக்கு என்பர். தெருவில் கால் வைக்காமலே லாத்தா வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் போய் வரலாம். கஞ்சிக் கிண்ணம் அவ்வழியே செல்லும். செய்தியும் அவ்வழியே வரும். அத்தகைய ஊரில் வளர்ந்த ஒரு பெண்ணை, வாகனம் ஓட்டத் தெரியாத நிலையில், ஆளுயரச் சுவருக்குள் நான்கு அறைகளும் ஒரு தோட்டமும் கொடுத்து வைத்து விட்டுக் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு விட்டால் அவர் யாரோடு பேசுவார்? அண்டை வில்லாவின் குடும்பம் நல்ல குடும்பமாகவே இருக்கலாம். ஆனால் அவர்களைக் காண்பது வாகனம் உள்ளே நுழையும் நேரத்தில் மட்டும்தான்.

பிளாட்டில் ஒரே நடைவழியில் நான்கைந்து கதவுகள். எதிர்வீட்டில் மலையாளச் சகோதரி, பக்கத்தில் ஐதராபாத் குடும்பம். மின்தூக்கியில் ஸலாம் சொல்லத் தொடங்கி, நோன்பு மாதத்தில் தட்டுகள் கைமாறி, பின்னர் ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக் கொள்ளும் அளவுக்கு வளர்வதுண்டு. 'அல்ஜார் கப்லத் தார்' என்பது அரபிகளின் பழமொழி. வீட்டைப் பார்க்குமுன் அண்டை வீட்டாரைப் பார் என்பது அதன் கருத்து. அரபு நாட்டில் வீடு தேடுவோர் அரபிகளின் இச்சொல்லையும் சற்றுக் கேட்கலாம் அன்றோ?

வில்லாவில் நலன்கள் இல்லையா எனில், உண்டு. சில நலன்கள் நமக்கென்றே அமைந்தவை போலும் உள்ளன. அரபிகள் தமக்காகக் கட்டிய பழைய வில்லாக்களில் மஜ்லிஸ் என்னும் விருந்தினர் கூடத்துக்குத் தனி வாயில் இருக்கும். கணவரின் நண்பர்கள் வந்தால் அவ்வழியே வந்து அவ்வழியே செல்வர். உள்ளிருக்கும் பெண்கள் தம் பணியைத் தடையின்றிச் செய்யலாம். பிளாட்டில் கதவைத் திறந்தால் கூடம். கூடத்தில் ஓர் அந்நிய ஆடவர் அமர்ந்து விட்டால் வீட்டுப் பெண்கள் அடுப்பங்கரையிலிருந்து படுக்கையறைக்குப் போகவும் வழியில்லை. பிள்ளைகள் ஓடினால் கீழ்த்தளத்தார் முறையிடுவர். துணியை மாடி முகப்பில் உலர்த்தக் கூடாது என்று துபாய் மாநகராட்சி பலமுறை எச்சரித்துள்ளது. எல்லாவற்றினும் கொடிது, மாடி முகப்பிலிருந்தும் சன்னலிலிருந்தும் குழந்தைகள் தவறி விழும் செய்திகள். பிளாட்டில் குடியேறும் நாளிலேயே சன்னல்களுக்குப் பூட்டுப் பொருத்துங்கள். நாற்காலி, பெட்டி முதலியவற்றை முகப்பில் வைக்காதீர்கள். நான்கு பிள்ளைகளும், ஆண்டில் பாதி நாள் உடன் தங்கும் பெற்றோரும், வாகனம் ஓட்டத் தெரிந்த மனைவியும் உள்ள குடும்பமாயின் தரைத்தள வில்லாவே மேல் என்று நானே சொல்வேன். ஒரு சொல் மட்டும்: இன்றைய வில்லாக்கள் பலவற்றில் படுக்கையறைகள் மேல்தளத்தில் உள்ளன. மூட்டுவலியுள்ள உம்மாவுக்குப் படிக்கட்டை விட மின்தூக்கியே நன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். பேச்சுக்காகத் துபாயில் ஒரு பிளாட்டின் ஆண்டு வாடகை 80,000 திர்ஹம், ஒரு வில்லாவின் வாடகை 1,60,000 திர்ஹம் என வைத்துக் கொள்வோம். இரண்டுக்கும் வாடகையை நான்கு காசோலைகளாகத் தருவதாகக் கொள்வோம். குடியேறுமுன் பிளாட்டுக்கு முதல் காசோலை 20,000. வழக்கமான 5 விழுக்காடு முன்பணம் 4,000. தரகு 5 விழுக்காடு 4,000. மின்சாரம், தண்ணீருக்கான வைப்புத் தொகை 2,000. ஆக 30,000 திர்ஹம். வில்லாவுக்கு முறையே 40,000, 8,000, 8,000, 4,000, ஆக 60,000. இதில் ஒரு திரைச்சீலை கூட இன்னும் வாங்கவில்லை. அதற்கு மேல், வாடகையில் 5 விழுக்காடு வீட்டுக் கட்டணமாக மாதந்தோறும் மின்கட்டணச் சீட்டிலேயே சேர்ந்து வரும். வில்லாக்காரருக்கு அது ஆண்டுக்கு 8,000 திர்ஹம். மின்சாரமோ பயன்பாடு கூடக் கூட அலகு விலையும் கூடும் முறையிலானது: மாதம் 2,000 அலகு வரை 23 ஃபில்ஸ், 6,000 அலகைக் கடந்தால் 38 ஃபில்ஸ். நாற்புறமும் வெயில் காயும் சுவர்களும், மேலே வெயில் காயும் கூரையும் கொண்ட வில்லாவில் ஆகஸ்ட் மாதக் குளிர்சாதனச் செலவு எந்தப் படியில் போய் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த 8,000 என்னும் தொகையைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிற்சட்டப்படி முதல் ஐந்தாண்டுப் பணிக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமே பணிக்கொடை. அடிப்படை ஊதியம் 12,000 திர்ஹம் உள்ளவருக்கு அது 8,400. ஓர் ஆண்டு முழுதும் உழைத்து, ஊர் திரும்பும் நாளுக்கென்று சேரும் தொகையும், அவ்வாண்டு வில்லாவுக்குச் செலுத்தும் வீட்டுக் கட்டணமும் ஏறத்தாழ ஒன்றே! சபுராளி வாழ்க்கைக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பதை நாம் அறிந்தே புறப்படுகின்றோம். ஊரிலிருந்து வரும் அலைபேசிப் படங்களில் நம் வீட்டுத் தோட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நாளை ஐந்தாண்டு தள்ளிப் போடுவது எவ்வகை அறிவு?

பிளாட் எடுப்போருக்கும் ஒரு எச்சரிக்கை. புதிய உயர் கட்டடங்கள் பலவற்றில் குளிர்விப்புக்குத் தனி நிறுவனம், தனிக் கட்டணம். குடும்பம் விடுமுறைக்கு ஊர் வந்து வீடு பூட்டிக் கிடந்தாலும் நிலைக் கட்டணம் ஓடிக் கொண்டிருக்கும். 'சில்லர் ஃப்ரீ' கட்டடமா என்பதைத் தரகரிடம் மட்டுமன்றி அங்கே குடியிருப்போரிடமும் கேளுங்கள்.

வாடகை பெரிதாயிற்றே, இரு குடும்பமாகச் சேர்ந்து ஒரு வில்லா எடுத்தால் என்ன என்று சிலர் வழி காண்கின்றனர். அருள் கூர்ந்து இவ்வழியை மறந்து விடுங்கள். துபாய் மாநகராட்சி 2008 ஆம் ஆண்டிலேயே 'ஒரு வில்லா, ஒரு குடும்பம்' என்று இயக்கம் நடத்திப் பல வீடுகளின் மின் இணைப்பைத் துண்டித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாயிஃப் பகுதியில் அளவுக்கு மீறி ஆட்கள் தங்கியிருந்த வில்லா ஒன்று தீப்பற்றி 11 பேர் மாண்டனர். 2025 ஜூனிலும் ரிக்கா, முரக்கபாத், சத்வா முதலிய பகுதிகளில் பலகைத் தடுப்பு அறைகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, பொதுச் சமையலறையும் பொது நடைவழியும் கொண்ட வீட்டில் இரு குடும்பப் பெண்கள் நாள் முழுதும் பர்தாவோடு நடமாடுவது வாழ்க்கையா?

என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோடை விடுமுறையில் ஊர் வரும் வளைகுடாப் பிள்ளைகள் சில வாரம் நம் மதரசாவில் வந்து அமர்வதுண்டு. எங்கே ஓதுகிறாய் என்று கேட்டால், பள்ளிவாசலுக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளை உஸ்தாத் பெயரைச் சொல்கிறான். தொலைவில் குடியிருக்கும் பிள்ளை, "வாப்பா கொண்டு விட்டால் போவேன்" என்கிறான். வாப்பா வருவதோ இஷாவுக்குப் பின். குசைஸ், தேரா, பர்துபாய்ப் பகுதிகளில் பள்ளிவாசலும் கடைகளும் நடந்து போகும் தொலைவில். 2011 முதல் பச்சைத்தட மெட்ரோவும் ஓடுகின்றது. மிர்திஃப் வழியே செல்லும் நீலத்தடம் 2029 இல் திறக்கப்படும் என அறிவித்துள்ளனர். அதுவரை அங்கே எல்லாவற்றுக்கும் வாகனமே.

வீட்டைப் பறிகொடுக்கும் அச்சமும் இரு இடத்திலும் ஒன்றன்று. துபாயின் 2007 ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அதன் 2008 ஆம் ஆண்டுத் திருத்தமும், உரிமையாளர் தாமே குடியேறவோ விற்கவோ விரும்பினால் 12 மாத முன்னறிவிப்போடு குடியிருப்போரை வெளியேற்ற இடம் தருகின்றன. வில்லா பெரும்பாலும் தனி ஒருவரின் சொத்து. அவர் மகனுக்குத் திருமணம் என்றால் நீங்கள் வெளியேற வேண்டியதுதான். பழைய பகுதிகளில் முழுக் கட்டடமும் ஒருவருக்கே உரியதாக இருக்கும். அவர் உங்கள் மூன்றாம் தளத்துக்குக் குடிவர மாட்டார். மழை மட்டும் எவரையும் விடவில்லை. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையில், தரைத்தளத்தில் இருந்தோர் வீட்டுக்குள் புகுந்த நீரை இறைத்தனர். அடுக்கு மாடியினர் பலர் மின்தூக்கி நின்று போய்க் குடிநீர்ப் புட்டிகளோடு படியேறினர்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் மனமின்மை நன்றிகேடு அன்று. ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருப்பதாக எழுதியுள்ளீர்கள். துபாய்ச் சட்டப்படி வாடகையையோ ஒப்பந்த விதிகளையோ மாற்ற விரும்புவோர் 90 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். எனவே பேச்சை இம்மாதமே தொடங்குங்கள். இப்போதைய கட்டடத்திலேயே இன்னோர் அறை கூடுதலாக உள்ள பிளாட் காலியாகிறதா என்று காவலாளியிடம் விசாரியுங்கள். மாமி வந்தால் தங்க இடம் வேண்டும் என்ற கணவரின் கவலை அதிலேயே தீரலாம்.

அவருடைய கணவருக்கு: மிர்திஃப் வில்லாவை மாலை நேரத்தில், குளிர்ந்த வாகனத்தில் அமர்ந்து பார்க்க வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் அவ்வீட்டு வாயிலில் வாகனத்தை நிறுத்தி விட்டு, பள்ளிவாசலுக்கும், பால் வாங்கும் பகாலாவுக்கும், பிள்ளையின் மருத்துவருக்கும் தாங்களே நடந்து போய் வாருங்கள். அதன் பிறகு இருவரும் அமர்ந்து பேசுங்கள்.