கவரேஜ் குறைஞ்சா டெஸ்ட் மேல பழி போடாதீங்க

ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி எங்க ப்ராஜெக்ட்டோட கவரேஜ் 44 சதவீதம். கோடில் ஒரு எழுத்துகூட மாத்தாம திரும்ப ஓட்டினோம், 31. இன்னொரு தடவை, 27. ரிவ்யூல கேட்டிருந்தது 80.

"வரிசையாவே ஓட்டிடலாம்டா" என்றான் ஒருத்தன். நாலு நிமிஷ வேலை பதினாலு நிமிஷம் ஆகும். இன்னொருத்தன் சொன்னது அதைவிட மோசம்: ஃபங்ஷனை எல்லாம் சும்மா கூப்பிட்டுட்டு எதையும் சரிபார்க்காத டெஸ்ட் நாப்பது எழுதலாமாம். மார்க்குக்காக இதைச் செய்யிற டீம்கள் உண்டு. ரெண்டுமே தப்பு என்பதுதான் என் கட்சி.

எங்க ஊர் திருக்கோஷ்டியூர். மாசித் தெப்பத்துக்குக் குளக்கரை முழுக்க விளக்கு ஏத்துவாங்க. நாலு கரைக்கும் ஒவ்வொருத்தரை எண்ண அனுப்பிட்டு, எழுத ஒரே ஒரு சிலேட்டு வச்சா என்ன ஆகும்? ஒவ்வொருத்தரும் முன்னாடி இருந்ததை அழிச்சிட்டுத் தன் கணக்கை எழுதுவாங்க. கடைசியா வந்தவர் கணக்குதான் மிஞ்சும். நாங்க செஞ்சது அதேதான். டெஸ்ட்டை நாலா பிரிச்சு, நாலு கவரேஜ்.பை ப்ராசஸை ஒரே ஃபோல்டர்ல ஒண்ணா ஓட விட்டோம். எல்லாம் எழுதினது '.கவரேஜ்' என்கிற ஒரே ஃபைல்ல. கடைசியா முடிஞ்சது எதுவோ, அதோட சதவீதம்தான் திரையில.

மருந்து ரொம்பச் சின்னது. கான்ஃபிக்ல 'பேரலல் = ட்ரூ' போட்டா ஃபைல் பேரோட மெஷின் பேர், ப்ராசஸ் எண், ஒரு ரேண்டம் எண் எல்லாம் சேர்ந்துக்கும்; ஆளுக்கொரு சிலேட்டு. எல்லாம் முடிஞ்ச பிறகு 'கவரேஜ் கம்பைன்'. (பைடெஸ்ட்-எக்ஸ்டிஸ்ட் வச்சு ஓட்டுறவங்க பைடெஸ்ட்-கவ் போட்டுக்கிட்டா இந்தச் சேர்க்கிற வேலையை அதுவே பார்த்துக்கும். எங்களுக்கு அப்போ தெரியல.) ஒரு எச்சரிக்கை: கணக்கு எழுதப்படுறது ப்ராசஸ் முடியும்போதுதான். நடுவுல 'கில்' பண்ணினா அந்தக் கரையோட கணக்கு வராமலே போகலாம். கோ மொழியில இதே சிக்கல் வேற உருவத்துல இருக்கு. ஒரே ப்ராசஸுக்குள்ள பல கோரூட்டின் ஓடும்போது எண்ணிக்கை சரியா வேணும்னா கவர்மோடை 'அட்டாமிக்'னு வைக்கணும். ஓட்டம் கொஞ்சம் மெதுவாகும்.

சேர்த்த பிறகு எங்களுக்கு வந்தது 71. எண்பது இல்லைதான். ஆனா எத்தனை தடவை ஓட்டினாலும் அதே 71. ரிவ்யூவுல சதவீதம் கேட்கிறவங்க அது எத்தனை ப்ராசஸ்ல எடுத்ததுன்னும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

மீதி 29-ல எங்க மெஸ் டோக்கன் ஆப்போட ரீஃபண்ட் பகுதி மொத்தமும் சிவப்பு. நாலு ப்ராசஸ்ல ஒண்ணுகூட அதைத் தொடல. அதுக்கு நாங்க டெஸ்ட்டே எழுதியிருக்கல.